‘யெஸ் சேர்’ போதாது: கப்பல் ஆங்கிலம் படிப்பிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மட்டக்களப்பின் கல்லடியில் நான் நடத்தும் மாலை வகுப்பில் ஒருநாள், கப்பல் அதிகாரிப் பயிற்சிக்காகக் கொழும்பு போகவிருந்த ஒரு தம்பியிடம் ஆங்கிலத்தில் கேட்டேன்: “நீங்கள் இன்னும் நங்கூரம் போடவில்லையா?” அவன் கையிலிருந்த பயிற்சித்தாளின்படி கப்பல் நங்கூரம் போடவில்லை. “யெஸ் சேர்” என்றான். தமிழ் முறைப்படி பார்த்தால் அது சரியான பதில். “ஓம், போடவில்லை” என்றுதான் நாம் சொல்வோம். ஆங்கிலத்திலோ அந்த இடத்தில் “யெஸ்” என்றால் போட்டாயிற்று என்று பொருள். வானொலியின் மறுமுனையில் இருப்பவர் அந்தக் கப்பல் ஓரிடத்தில் நிற்கிறது என்று நம்பி, அடுத்த கப்பலை அதன் பக்கமாக விட்டுவிடலாம்.

அந்தப் பிள்ளை பத்து வருடத்துக்கு மேல் ஆங்கிலம் படித்தவன், சாதாரண தரத்தில் நல்ல பெறுபேறு எடுத்தவன். பிழை அவனில் இல்லை. கப்பலில் பேசும் ஆங்கிலத்தையும் பள்ளிக்கூட ஆங்கிலத்தையும் ஒன்றாக நினைத்துப் படிப்பிக்கும் எங்களில்தான் இருக்கிறது.

இந்தச் சிக்கலுக்கு மருந்து ஏற்கெனவே இருக்கிறது. சர்வதேச கடல்சார் அமைப்பு 2001 நவம்பரில் எஸ்.எம்.சி.பி. என்ற, கப்பலில் பேச வேண்டிய நியம ஆங்கிலத் தொடர்களின் தொகுப்பை ஏற்றுக்கொண்டது. கப்பலைச் செலுத்தும் மேல்தளமான பிரிட்ஜில் காவல் பார்க்கும் அதிகாரி ஒருவருக்கு இதைப் புரிந்து பயன்படுத்தத் தெரிந்திருக்க வேண்டும் என்று, கப்பல் பணியாளரின் பயிற்சி, சான்றிதழ் பற்றிய எஸ்.டி.சி.டபிள்யூ. என்ற சர்வதேச உடன்படிக்கை சொல்கிறது. அந்தத் தொகுப்பின் விதிப்படி தனி “யெஸ்” பதிலே அல்ல. “யெஸ்” அல்லது “நோ” என்று சொல்லி, அதன் பின்னால் முழு வாக்கியத்தையும் சொல்ல வேண்டும். “நோ, நான் நங்கூரம் போடவில்லை.” தகவல் உடனே கையில் இல்லையென்றால் “ஸ்டான்ட் பை”. கிடைக்கவே வழியில்லையென்றால் “நோ இன்ஃபர்மேஷன்”. தமிழ்ப் பிள்ளைகளுக்கு நான் முதல் வாரமே பழக்குவது இந்த முழுப்பதிலைத்தான்.

இதோடு ஒட்டிய தவறு, “விளங்குதா?” என்று கேட்பது. எங்கள் பிள்ளைகள் வாத்தியாரிடம் விளங்கவில்லை என்று சொல்லமாட்டார்கள். அது மரியாதை. தலையை ஆட்டிவிடுவார்கள். அந்தத் தலையாட்டல் கப்பலுக்கும் கூடவே போகிறது. கப்டன் சொன்னது பாதி கேட்டிருக்கும், ஆனாலும் “யெஸ் கப்டன்” வரும். அதனால் விளங்கியதா என்று கேட்பதை நான் விட்டுவிட்டேன். “நான் என்ன சொன்னேன்?” என்றுதான் கேட்கிறேன். சுக்கான் பிடிப்பவர் தனக்குக் கிடைத்த கட்டளையைத் திருப்பிச் சொல்ல வேண்டும், அவர் அதைச் சரியாகச் செய்கிறாரா என்று அதிகாரி பார்க்க வேண்டும் என்பது பிரிட்ஜின் நடைமுறை. வகுப்பறையிலும் அதே நடைமுறை இருக்கட்டும். “சே அகெய்ன்” என்று கேட்கும் பிள்ளையை வகுப்பில் மனதாரப் பாராட்டுங்கள். அவனுக்கு அந்தத் துணிவு வர நாட்கள் எடுக்கும்.

அடுத்தது சொற்பட்டியல். இடது பக்கம் ஆங்கிலச் சொல், வலது பக்கம் தமிழ்ப் பொருள், வெள்ளிக்கிழமை சோதனை. நானும் இப்படிச் செய்திருக்கிறேன், பிள்ளைகள் நூற்றுக்கு நூறு எடுத்தார்கள். ஆனால் “மேக் ஃபாஸ்ட்” என்று சொன்னதும் வேகமாகச் செய்யச் சொல்கிறார்கள் என்று நினைத்தார்கள். அதன் பொருள் கயிற்றை இறுகக் கட்டு என்பது. “லெட் கோ” இன்னும் சிக்கலானது. கட்டியிருக்கும் கயிற்றுக்குச் சொன்னால் அவிழ்த்துவிடு, நங்கூரத்துக்குச் சொன்னால் கடலில் இறக்கு. “அண்டர்வே” என்றால் ஓடிக்கொண்டிருக்கும் கப்பல் என்று பல வாத்தியார்மாரே எழுதிக் கொடுக்கிறார்கள். 1972ஆம் ஆண்டின் மோதல் தவிர்ப்பு விதிகளின் மூன்றாம் விதிப்படி, நங்கூரமிடாத, கரையோடு கட்டப்படாத, தரைதட்டாத எந்தக் கப்பலும் “அண்டர்வே”தான். இயந்திரத்தை நிறுத்திவிட்டு அசையாமல் மிதந்துகொண்டிருந்தாலும் அப்படித்தான். தண்ணீரைக் கிழித்து நகர்ந்தால் அதற்கு “மேக்கிங் வே” என்று வேறு சொல் இருக்கிறது. இரவில் எந்த விளக்குகளைப் போடுவது என்பதுகூட இந்த வேறுபாட்டில் தங்கியிருக்கிறது. ஆகவே சொல்லைத் தனியே கொடுக்காதீர்கள். யார், யாருக்கு, எந்த வேலையின் நடுவில் சொல்கிறார் என்பதோடு சேர்த்துக் கொடுங்கள். ஒரு கயிறும் கட்டுவதற்கு ஒரு மேசைக்காலும் இருந்தால் போதும்.

இலக்கங்களில் கவனக்குறைவு வேண்டாம். “ஃபிஃப்டீன்”, “ஃபிஃப்டி” இரண்டும் வானொலி இரைச்சலில் ஒன்றுபோலக் கேட்கும். அதனால் 150 என்பதை ஒன்று, ஐந்து, பூச்சியம் எனத் தனித்தனியாகச் சொல்ல வேண்டும். புள்ளிக்கு “டெசிமல்”. சுக்கான் கோணத்துக்கு மட்டும் விதிவிலக்கு உண்டு, 15 பாகையை “ஃபிஃப்டீன்” என்றே சொல்லலாம். நேரம் 24 மணிக் கணக்கில், உலகப் பொது நேரத்தில். எங்கள் காலை 9 மணி அங்கே 0330.

இடத்தைச் சொல்வதில் நடக்கும் தவறு எனக்கு மிகவும் பயமூட்டுவது. பாலமீன்மடு வெளிச்சவீட்டை எடுத்துக்கொள்வோம். அதற்கு நேர் கிழக்கே நான்கு கடல்மைல் தூரத்தில் ஒரு கப்பல் நிற்கிறது. அங்கிருக்கும் பிள்ளை கரையைப் பார்த்துவிட்டு, “வெளிச்சவீடு எனக்கு மேற்கே, 270” என்பான் (வடக்கைப் பூச்சியமாக வைத்து வலஞ்சுழியாக எண்ணினால் கிழக்கு 090 பாகை, மேற்கு 270 பாகை). அவன் கண்ணுக்கு அது உண்மை. ஆனால் விதிப்படி திசைகோணத்தை அடையாளத்திலிருந்து கப்பலை நோக்கிச் சொல்ல வேண்டும், அதாவது 090. உதவிக்கு வருபவர் 270ஐ வரைபடத்தில் குறித்தால், அந்தக் கப்பல் வாவியும் வயலுமாக இருக்கும் மேற்குப் பக்கத்தில் நிற்கும். கரும்பலகையில் எழுதி இதை விளங்கப்படுத்துவதைவிட, பிள்ளைகளைக் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போவது நல்லது.

கடற்கரையில் இன்னொன்றையும் சொல்லிக் கொடுக்கலாம். காற்றுக்கு அது வரும் திசையின் பெயர், நீரோட்டத்துக்கு அது போகும் திசையின் பெயர். இதைப் பாடமாக்கி மறந்துபோகும் பிள்ளையிடம் “கச்சான் காற்று எங்கிருந்து வருகிறது?” என்று கேளுங்கள். மேற்கிலிருந்து என்று யோசிக்காமல் சொல்வான். காற்றுக்கான பாதி விதி அவனுக்கு வீட்டிலேயே தெரியும்.

“மே”, “மைட்”, “ஷுட்”, “குட்”, “கேன்” ஆகிய சொற்களைப் பள்ளிக்கூடத்தில் பணிவான ஆங்கிலம் என்று படிப்பிக்கிறோம். கடலில் அவை ஆபத்து. “மே ஐ என்டர்” என்றால் அனுமதி கேட்கிறானா, ஒருவேளை வரக்கூடும் என்கிறானா? “கேன்”, “கான்ட்” இரண்டுக்கும் வானொலியில் வித்தியாசமே தெரியாது. கேள்வி என்றால் முதலில் “குவெஸ்டியன்” என்று சொல்லிவிட்டுக் கேட்க வேண்டும். கட்டளைக்கு “இன்ஸ்ட்ரக்ஷன்”, எச்சரிக்கைக்கு “வோர்னிங்”. இது முரட்டுத்தனம் என்று பிள்ளைகள் கூச்சப்படுவார்கள், பழகினால் போய்விடும்.

எழுத்தில் நன்றாகச் செய்பவன் பேச்சில் திணறுவதற்குக் காரணம், வகுப்பு அமைதியாக இருப்பதும் முகத்துக்கு முகம் பார்த்துப் பேசுவதும்தான். என் வகுப்பில் இருவரை முதுகோடு முதுகு சாய்த்து உட்கார வைத்து, மின்விசிறியை முழு வேகத்தில் போட்டுவிட்டு, ஒருவனிடம் வரைபடத்தையும் மற்றவனிடம் செய்தியையும் கொடுக்கிறேன். கை காட்ட முடியாது, கண் காட்ட முடியாது, சொல் ஒன்றுதான் துணை. ஆனால் உண்மையான கடல் வானொலியில் விளையாட்டாகப் பயிற்சி செய்ய விடாதீர்கள். 16ஆம் அலைவரிசை உயிராபத்து அழைப்புக்கும் முதல் அழைப்புக்கும் உரியது.

பிரித்தானிய உச்சரிப்பை மட்டும் கேட்கப் பழக்குவதும் தவறு. 2020 செப்டெம்பர் 3ஆம் திகதி, அம்பாறை மாவட்டத்தின் சங்கமன்கண்டி முனைக்கு அப்பால் நியூ டயமண்ட் என்ற எண்ணெய்க் கப்பலில் தீப்பிடித்தது. குவைத்திலிருந்து இந்தியாவின் பாரதீப்புக்கு ஏறத்தாழ 270,000 தொன் மசகு எண்ணெய் கொண்டுபோன கப்பல் அது. அதில் இருந்த 23 பேரும் பிலிப்பைன்ஸ்காரரும் கிரேக்கரும். ஒருவர் இறந்தார். தீயை அணைக்க இலங்கைக் கடற்படையும் இந்தியக் கரையோரக் காவல்படையும் போயின. அந்தக் கடலில் கூடியிருந்தவர்களில் எத்தனை பேருக்கு ஆங்கிலம் தாய்மொழியாக இருந்திருக்கும்? எங்கள் பிள்ளைகள் வேலை செய்யப்போவது இப்படிப்பட்டவர்களோடுதான். மணிலாக்காரர் பேசுவதையும் சீனர் பேசுவதையும் கேட்டுப் பழகட்டும்.

கடைசியாக, வகுப்பில் தமிழே வாயில் வரக்கூடாது என்ற கட்டுப்பாடு. பயிற்சியை ஆங்கிலத்தில் வையுங்கள், காரணத்தைத் தமிழில் பேசுங்கள். “டிராகிங்”, “டிரெட்ஜிங்” என்ற இரண்டு சொற்களையும் நான் மூன்று நாள் ஆங்கிலத்திலேயே விளங்கப்படுத்திப் பார்த்தேன், ஏறவில்லை. நான்காம் நாள் ஒரு மீனவர் வீட்டுப் பிள்ளை எழும்பி, “சேர், முதலாவது, அப்பாவின் போட் காற்றுக்கு நங்கூரத்தையும் இழுத்துக்கொண்டு போகிறது. மற்றது, அப்பாவே வேண்டுமென்று நங்கூரத்தைத் தரையில் உரச விட்டுப் போட்டை மெதுவாகக் கொண்டு போகிறார். அப்படித்தானே?” என்றான். அப்படித்தான். அன்று பின்னேரம் வகுப்பில் எல்லோரும் அந்த இரண்டு சொற்களையும் பிழையில்லாமல் வானொலிச் செய்தியில் வைத்துச் சொன்னார்கள்.