சென்னைக்குக் குடிபோகலாமா?

சம்பளத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். திருநெல்வேலியிலிருந்து வந்தவள் நான். என்னிடம் கேட்பவர்களுக்கு முதலில் சொல்வது, ஆபீஸ் எங்கே என்று பாருங்கள். சோழிங்கநல்லூரில் வேலை, அம்பத்தூரில் வீடு என்றால் பாதி உயிர் சாலையிலேயே போய்விடும்.

வீடு பார்க்கும்போது தண்ணீரைப் பற்றித்தான் நிறைய விசாரிக்க வேண்டும். மெட்ரோ தண்ணீர், அதாவது குடிநீர் வாரியத் தண்ணீர் வருகிறதா, போர்வெல் தண்ணீர் உப்பா, கோடையில் லாரிக்கு யார் காசு கொடுப்பது? இதை ஓனரிடம் கேட்பதைவிடப் பக்கத்து வீட்டு அக்காவிடம் கேளுங்கள். 2015 வெள்ளத்தில் தண்ணீர் எதுவரை ஏறியது என்பதையும் அவரே காட்டுவார். வேளச்சேரி, முடிச்சூர் பக்கம் இதைக் கேட்காமல் அட்வான்ஸ் கொடுக்கவே கூடாது. முடிந்தால் அக்டோபர் முதல் டிசம்பர் வரை தனியாக ஹாஸ்டலில் இருந்து, மழையில் ஊர் எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டுக் குடும்பத்தைக் கூப்பிடுங்கள்.

அட்வான்ஸ் விஷயத்தில், 2017 வாடகைச் சட்டம் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது என்கிறது. ஆனால் ஒப்பந்தத்தில் வேறு தொகை எழுதினால் அதுதான் செல்லும். அதனால் வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

அப்புறம், ஊரில் அப்பா அம்மா இருக்கிறார்களா? நெல்லை எக்ஸ்பிரஸில் ஒரு ராத்திரி தூரம்தான். ஆனால் நடுராத்திரி நெஞ்சு வலித்தால் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போக அங்கே யார் என்பதை, கிளம்பும் முன்பே அவர்களோடு உட்கார்ந்து பேசிவிடுங்கள்.