60 மணி நேர ஆட்டத்தை 26 எபிசோடுக்குள் அடக்குவது எப்படி: ஆர்பிஜி கேமிலிருந்து அனிமே தொடர்

முதலில் நேரக் கணக்கைப் போட்டுவிடுங்கள். ஜப்பானிய டிவியில் அனிமேக்குக் கிடைக்கும் அரை மணி நேரத்தில் விளம்பரம் போக மிஞ்சுவது ஏறத்தாழ 24 நிமிடம். தொடக்கப் பாட்டுக்கு 90 நொடி, முடிவுப் பாட்டுக்கு 90 நொடி. நடுவில் வரும் இடைவேளைப் படத்தையும் அடுத்த வார முன்னோட்டத்தையும் கழித்தால் கதைக்கு 20 நிமிடம்தான். மூன்று மாத ஒளிபரப்பை அங்கே ‘கூர்’ என்பார்கள். ஒரு கூருக்கு 12 அல்லது 13 எபிசோட், அதாவது 4 மணி நேரக் கதை. இரண்டு கூர் வாங்கினாலும் 9 மணி நேரத்தை எட்டாது. கையில் இருப்பதோ முடிக்க 60 மணி நேரம் பிடிக்கும் ஆர்பிஜி, அதாவது ஆடுபவர் ஒரு கதாபாத்திரமாகவே மாறிக் கதைக்குள் நடக்கும் கேம்.

இந்த இடைவெளியைப் பார்த்ததும் எல்லோரும் செய்வது, கதையை வேகமாக ஓட்டுவது. அங்கேதான் தொடர் படுத்துவிடுகிறது. அந்த 60 மணி நேரத்தில் பெரும்பகுதி நடப்பதும் சண்டை போடுவதும் கடையில் பொருள் வாங்குவதும்தான்; அவற்றைத் தாராளமாக விடலாம். விடக்கூடாதது ஒன்று உண்டு. கேமில் முடிவெடுப்பவர் ஆடுபவர். எந்த ஊருக்குப் போவது, யாரை நம்புவது, யாரைக் கைவிடுவது எல்லாம் அவர் கையில். தொடரில் அந்த நாற்காலி காலியாகிவிடும். அதில் நாயகனை உட்கார வைப்பதுதான் தழுவல் எழுதுபவரின் வேலை.

கேமை இரண்டு முறை ஆடுங்கள். முதல் முறை ரசிப்பதற்காக. இரண்டாம் முறை முழுவதையும் பதிவு செய்து, ஒவ்வொரு காட்சிக்கும் ஐந்து கட்டம் போட்டு எழுதுங்கள்: என்ன நடக்கிறது, எத்தனை நிமிடம், யார் முடிவெடுத்தார், அதனால் எது மாறியது, பின்னால் எந்தக் காட்சி இதை நம்பி நிற்கிறது. நான்காம் கட்டமும் ஐந்தாம் கட்டமும் காலியாக இருந்தால் அந்தக் காட்சியை எடுத்துவிடலாம். ஐந்தாம் கட்டத்தைச் சோம்பேறித்தனப்பட்டு விட்டுவிடாதீர்கள். மூன்றாம் எபிசோடில் வெட்டிய ஒரு கிழவியின் இரண்டு வரிப் பேச்சு, இருபதாம் எபிசோடில் வில்லன் யாரென்று சொல்ல அவசியமாக இருக்கும். அதற்குள் மூன்றாம் எபிசோட் ஒளிபரப்பாகி முடிந்திருக்கும்.

அடுத்து, எந்தக் கதையைச் சொல்வது என்ற முடிவு. முதன்மைக் கதையையே எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. 2023-இல் வந்த ‘டிரெயில்ஸ் ஆஃப் கோல்ட் ஸ்டீல்’ அனிமே, அதே உலகத்தில் லாவியன் என்ற புதிய பெண்ணை நாயகியாக வைத்து 12 எபிசோடில் ஒரு தனிக்கதையைச் சொன்னது. 1989-இல் தொடங்கிய ‘டிராகன் குவெஸ்ட்’ தொடரும் கேமின் கதையைத் தொடாமல், அதன் உலகத்தையும் அரக்கர்களையும் மட்டும் எடுத்துக்கொண்டு ஆபெல் என்ற நாயகனை வைத்துக் கதை கட்டியது. ஒரு கூர்தான் கிடைத்திருக்கிறது, கேமோ மிகப் பெரியது என்றால் எங்கள் பரிந்துரை இந்த வழிதான்.

முதன்மைக் கதைதான் என்றால் பின்னாலிருந்து கட்டுங்கள். கடைசி எபிசோடை முதலில் முடிவு செய்யுங்கள். பிறகு நாயகன் உடைந்துபோகும் இடம், அதன்பின் அவன் மாறித் தொடங்கும் இடம். ‘டேல்ஸ் ஆஃப் தி அபிஸ்’ 2005-இல் வந்த கேம். சன்ரைஸ் ஸ்டுடியோ 2008-இல் அதை 26 எபிசோடாக எடுக்கத் தொடங்கியது. அதன் நாயகன் லூக் பெரிய வீட்டுப் பிள்ளை. திமிரும் அறியாமையும் நிறைந்தவன். பிறர் பேச்சைக் கேட்டு அவன் செய்த காரியத்தால் அக்ஸெரியூத் என்ற ஊரே அழிகிறது. அதன் பிறகுதான் நீண்ட முடியை வெட்டிக்கொண்டு ஆளே மாறுகிறான். இப்படிப்பட்ட கதையைத் தழுவும்போது பார்ப்பவர் வெறுத்துவிடுவாரோ என்று பயந்து முதல் எபிசோட்களில் நாயகனை நல்லவனாக்கத் தோன்றும். செய்யாதீர்கள். ஆரம்பத் திமிரைக் குறைத்தால் அந்த முடிவெட்டலுக்குப் பொருளே இல்லாமல் போகும். அதற்குப் பதிலாக அவன் அருகிலேயே பார்வையாளருக்குப் பிடித்த இன்னொருவரை முதல் எபிசோடிலேயே நிறுத்துங்கள். மூன்று எபிசோட் பார்த்துவிட்டுக் கழற்றிவிடும் பழக்கம் ஜப்பானிய ரசிகர்களிடம் உண்டு. அந்த மூன்றைத் தாண்ட இது உதவும்.

பேசாத நாயகன்தான் பெரிய சிக்கல். பல ஆர்பிஜிகளில் நாயகனுக்குப் பெயரை ஆடுபவர் வைப்பார். பேச்சு என்பது திரையில் வரும் இரண்டு மூன்று தேர்வுகள் மட்டும். ‘பெர்சோனா 4’ இதற்கு நல்ல பாடம். 2008-இல் வந்த அந்த கேமின் நாயகனுக்கு 2011 அனிமேயில் யூ நருகாமி என்று பெயர் கொடுத்தார்கள். கேமின் விசித்திரமான பதில் தேர்வுகளை அவன் முகம் மாறாமல் அப்படியே சொல்கிறான். அதுவே அவன் குணமாகிவிட்டது. இடைவேளைப் படத்தில் தேதியும் அவனுடைய அறிவு, துணிவு போன்ற அளவுகளும் வரும். கேம் ஆடியவருக்கு அது பழக்கமான திரை. ஆடாதவருக்கு நாள் ஓடுகிறது என்ற குறிப்பு. கதை நேரத்தில் ஒரு நொடிகூட அதற்குச் செலவாகவில்லை.

கிளைக்கதைகளை அதே தொடர் கையாண்ட விதம் இன்னும் அழகு. 13-ஆம் எபிசோடில் கோடை விடுமுறை. யூ எங்கெங்கோ போகிறான், வருகிறான். அதைச் சிறுமி நானாகோ துப்பறிகிறாள். அவன் உண்மையில் யார் யாருக்கு உதவப் போனான் என்பதை 14-ஆம் எபிசோட் காட்டுகிறது. தனித்தனியாக எடுத்திருந்தால் ஒவ்வொன்றும் ஒரு எபிசோடைத் தின்றிருக்கும். ஒரு சந்தேகக் கண்ணைக் கொடுத்ததும் எல்லாம் ஒரே கதையாகிவிட்டன. உங்கள் கேமிலும் கிளைக்கதைகளை வரிசையாக அடுக்காமல், அவற்றை ஒரே கேள்வியால் கட்ட முடியுமா என்று பாருங்கள்.

ஆணா பெண்ணா என்று ஆடுபவர் தேர்ந்தெடுக்கும் கேம் என்றால் ஒருவரைத்தான் நாயகராக்க முடியும். ‘கிரான்புளூ ஃபேன்டஸி’ 2017 தொடர் கிரான் என்ற பையனை எடுத்துக்கொண்டு, ஜீட்டா என்ற பெண்ணை முதன்மையாக வைத்துத் தனி எபிசோட் ஒன்றைக் கடைசியில் கொடுத்தது.

பல முடிவுகள் உள்ள கேமில் எல்லாவற்றையும் கதைக்குள் திணிக்க வேண்டாம். ‘நியர்: ஆட்டோமாட்டா’ கேமுக்கு 26 முடிவுகள், 2023 அனிமே அவற்றில் சிலவற்றை எபிசோட் முடிந்தபின் வரும் குட்டிப் பொம்மலாட்டத்துக்கு நகர்த்திவிட்டது.

இனி சண்டை. 20 நிமிடத்துக்கு ஏறத்தாழ 300 கட் (இடையில் வெட்டாமல் ஓடும் ஒரு துண்டுக் காட்சிதான் ஒரு கட்). சராசரியாக ஒரு கட் 4 நொடி. சண்டையில் ஒரு கட் 2 நொடிக்கும் குறைவு. ஆகவே மூன்று நிமிடச் சண்டை 100 கட்டை விழுங்கும். படம் வரைபவர்களின் உழைப்பும் அங்கேதான் குவியும்: ஒரு நொடிக்கு 24 ஃப்ரேம், ஒரே படத்தை இரண்டு அல்லது மூன்று ஃப்ரேம் நிறுத்தினாலும் நொடிக்கு 8 முதல் 12 படம் வேண்டும். எனவே இரண்டு எபிசோடுக்கு ஒரு பெரிய சண்டை போதும். வழியில் குறுக்கிடும் சில்லறை அரக்கர்களை மொத்தமாக எடுத்துவிடுங்கள். ஒவ்வொரு சண்டையும் ஒரு முடிவில் போய் முடிய வேண்டும்: யாரைக் காப்பது, எதை விட்டுக்கொடுப்பது. எதிரி விழுந்தான் என்பது மட்டும் போதாது.

கேமின் விதிகளையும் மொழிபெயர்க்க வேண்டும். லெவல் ஏறுவது திரையில் எண்ணாக வந்தால் உயிரில்லை. போன எபிசோடில் செய்ய முடியாததை இந்த எபிசோடில் செய்வதாகக் காட்டுங்கள். மந்திர சக்தி தீர்வதை மூச்சு வாங்குவதாக, கை நடுங்குவதாகக் காட்டலாம். செத்தவரை எழுப்பும் மருந்து கேமில் 300 காசுக்குக் கடையில் கிடைக்கும். தொடரில் அது இருந்தால், கதையில் ஒருவர் சாகும்போது பார்ப்பவர் கேட்கும் முதல் கேள்வி ‘அந்தக் குப்பி எங்கே?’ என்பதுதான். உங்கள் கதை உலகத்திலேயே அது இல்லை என்று முதல் ஸ்கிரிப்டுக்கு முன்பே முடிவெடுத்து எழுதி வையுங்கள்.

உடையில் கோடுகளைக் குறையுங்கள். கேமில் கவசத்தின் பூவேலையை ஒருமுறை 3டி-யில் செய்தால் போதும். அனிமேயில் அதை ஆயிரக்கணக்கான முறை கையால் வரைய வேண்டும். பட்டைகள், கொக்கிகள், தையல் வேலைப்பாடு ஆகியவற்றில் தூரத்திலிருந்து ஆளை அடையாளம் காட்டும் இரண்டை மட்டும் விட்டு மற்றவற்றை எடுங்கள். முன், பக்கம், பின் தோற்றம், உயர ஒப்பீடு, பகல் - அந்தி - இரவு நிறம் எல்லாம் முதல் ஸ்டோரிபோர்டுக்கு (காட்சிகளை வரிசையாக வரைந்து வைக்கும் வரைவுக்கு) முன்பே தயாராக இருக்க வேண்டும்.

ஸ்கிரிப்ட் கூட்டத்தில் கேம் நிறுவனத்தின் ஆளும் உட்காருவார். ஒவ்வொரு எபிசோடும் மூன்று நான்கு திருத்தம் காணும். அவர்கள் ஒப்புதலுக்கு எடுக்கும் நாளையும் அட்டவணையில் சேருங்கள். நீங்கள் மாற்றியது எது, ஏன் மாற்றினீர்கள் என்று ஒரு பக்கக் குறிப்பை முன்பே கொடுத்துவிட்டால் தகராறு பாதியாகக் குறையும். வசனத்தைக் கடிகாரம் வைத்து உரக்கப் படியுங்கள். கேமில் கண்ணால் படித்தபோது சரியாக இருந்த வரி, வாயில் இரண்டு மடங்கு நீளும். ஒரு எபிசோடில் மூன்று புதிய பெயர்ச்சொற்களுக்கு மேல் வந்தால் நான்காவது யார் மனதிலும் நிற்காது.

கடைசியாக, 12 அல்லது 13-ஆம் எபிசோடில் கதை நிற்கக்கூடிய ஓர் இடத்தைக் கட்டாயம் கட்டி வையுங்கள், இரண்டாம் கூர் உறுதி என்று கையெழுத்தானாலும்கூட. ‘ஃபைனல் ஃபேன்டஸி: அன்லிமிடெட்’ 52 எபிசோடாகத் திட்டமிடப்பட்டு 25-இல் முடிக்கப்பட்டது; திறந்து வைத்த மர்மங்களில் பலவற்றுக்குத் தொடரில் பதில் வரவே இல்லை. உங்கள் தொடர் பாதியில் நிறுத்தப்பட்டால் எந்தக் கேள்விக்காவது பதில் கிடைத்திருக்க வேண்டும். அது எந்தக் கேள்வி என்று தனித் தாளில் எழுதி, முதல் எபிசோட் ஸ்கிரிப்டின் மேலேயே ஒட்டிவிடுங்கள்.