ஸ்பானிஷில் ‘இத்துனூண்டு’ சொல்வது எப்படி?

ஸ்பானிஷ் படிக்கிறவர்கள் பலர் ‘சின்ன’ என்பதற்கு ‘பெக்கேஞோ’ என்ற ஒரே சொல்லோடு நின்றுவிடுகிறார்கள். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்குப் போகும்போது இப்படிப் பழகிப் பாருங்கள். எலுமிச்சை சின்னதா? பெக்கேஞோ. மல்லிகைப் பூவா? ‘ஃப்ளோர் திமினூத்தா’, அதாவது இத்துனூண்டு பூ. பூவில் ஊரும் எறும்பு ‘மினூஸ்குலா’, கண்ணுக்கே சரியாகத் தெரியாதது. பூவும் எறும்பும் ஸ்பானிஷில் பெண்பால். அதனால்தான் ‘திமினூத்தோ’, ‘மினூஸ்குலோ’ என்பவற்றின் கடைசி ‘ஓ’ ‘ஆ’வாகிறது.

நம்மூரில் ‘சின்ன’ ‘சின்னூண்டு’ ஆவதுபோல, பெக்கேஞோ ‘பெக்கேஞீத்தோ’ ஆகும். மெக்சிகோக்காரர்கள் ‘சிக்கீத்தோ’ என்பார்கள். (அந்த ‘ஞ’ நமக்குத் தண்ணி பட்ட பாடு.)

உஷாராக இருக்க வேண்டியது ‘மெனூதோ’விடம். பெயர்ச்சொல்லுக்குப் பின்னால் வந்தால் பொடிசு. முன்னால் வந்தால் கதையே மாறிவிடும்: ‘மெனூதோ ப்ரோப்லேமா!’ என்றால் ‘எம்புட்டுப் பெரிய பிரச்சினை!’ என்று அர்த்தம். சின்னப் பிரச்சினை என்று நினைத்து நான் ஒருமுறை சிரித்துக்கொண்டே தலையாட்டியிருக்கிறேன்.