குளிர்காலத்தில் குழந்தைகளோடு வெளியே

குளிர்கால விளையாட்டைப் பாதியில் நிறுத்த வைப்பது பெரும்பாலும் ஈரம்தான். பருத்தி உடை வியர்வையை உறிஞ்சி உடலோடு ஒட்டிக்கொண்டு சூட்டை இழுத்துவிடும் என்பதால், உள்ளே மெல்லிய கம்பளி உடை, அதன்மேல் தடித்த உடை, எல்லாவற்றுக்கும் மேலே காற்றும் நீரும் புகாத மேற்சட்டை என மூன்று அடுக்காக அணிவிக்க வேண்டும். பையில் மாற்றுக் கையுறை ஒரு ஜோடி இருக்கட்டும்; அதை மறந்து புறப்பட்ட நாள்களில் அரை மணி நேரத்திற்குள் அழுகையோடு வீடு திரும்பியிருக்கிறோம்.

பனி பொழியும் இடமென்றால், முதலில் பனித்துகள்களைப் பார்க்கப் பழக்கலாம். கறுப்புத் துணி ஒன்றை அரை மணி நேரம் வெளியிலேயே வைத்துக் குளிரவிட்டு, அதன்மேல் விழும் துகள்களை உருப்பெருக்கியால் பார்க்க வேண்டும். துணி சூடாக இருந்தாலோ மூச்சுக்காற்று பட்டாலோ அவை கணத்தில் உருகிவிடும். நீர் மூலக்கூறுகள் பனிக்கட்டியில் அறுகோணமாக அடுக்கப்படுவதால் ஆறு கைகள் தெரியும். வில்சன் பென்ட்லி என்ற அமெரிக்கர் 1885-இல், தம் 19-ஆம் வயதில், தனியொரு பனித்துகளை நுண்ணோக்கி வழியே படம் பிடித்தார் என்று சொன்னால், பெரிய பிள்ளைகள் உடனே கேமராவைக் கேட்பார்கள்.

பனி பொழியாத ஊரில் விடியற்காலை நடையே போதும். சிலந்தி வலையில் கோத்து நிற்கும் பனித்துளி ஒவ்வொன்றிலும் எதிரிலுள்ள காட்சி தலைகீழாகத் தெரியும். மாலையில் வானம் தெளிவாக இருந்தால், வடகோளத்தில் உள்ளவர்கள் கிழக்கே கார்த்திகைக் கூட்டத்தையும், அதற்குப் பின்னால் எழும் சிவந்த திருவாதிரையையும் காட்டலாம். உறைந்த குளத்தின்மீது மட்டும், பனிக்கட்டியின் தடிமனை அளந்தறிந்த பெரியவர் சொல்லாமல், யாரையும் இறங்கவிடக் கூடாது.

எங்கள் வீட்டில் ஆண்டுதோறும் கேட்டு வாங்கப்படுவது பனி விளக்கு. இரவு வெப்பநிலை பூஜ்யத்திற்கு நன்கு கீழே இறங்கும் நாளில், பெரிய பிளாஸ்டிக் வாளியின் நடுவில் கூழாங்கல் நிரப்பிய சிறு கிண்ணத்தை வைத்து, அதன் விளிம்புக்குச் சற்றுக் கீழே வரை வாளியில் தண்ணீர் ஊற்ற வேண்டும். கிண்ணம் மிதந்தால் கல்லைக் கூட்டுங்கள். இடைவெளியில் இலைகளையும் காய்களையும் செருகும் வேலை குழந்தைகளுடையது. அவை மேலே மிதந்து வரும்போது விரலால் மீண்டும் மீண்டும் அழுத்திக்கொண்டிருப்பார்கள், அதைத் தடுக்க வேண்டியதில்லை. வாளியை இரவு முழுவதும் வெளியே விட்டு, காலையில் கல்லை எடுத்துவிட்டுக் கிண்ணத்துக்குள்ளும் வாளியின் வெளிப்புறத்திலும் வெதுவெதுப்பான நீரை ஊற்றினால் இரண்டும் கழன்றுவரும். கொதிநீர் ஊற்றினால் விளக்கு விரிசல் விட்டுவிடும். குழியில் சிறு மெழுகுவத்தியைப் பெரியவர் ஏற்றி வைக்கலாம். குளிர் நீடித்தால் பல நாள்கள் அப்படியே நிற்கும். உருகத் தொடங்கிய பிறகு, தாங்கள் செருகிய இலை எப்போது வெளியே வரும் என்று குழந்தைகள் தினமும் போய்ப் பார்ப்பார்கள்.