ஜெய்சல்மேரை இரண்டு நாளில் பார்ப்பது எப்படி?

தார்ப் பாலைவனத்திலுள்ள ஜெய்சல்மேருக்கு நவம்பர் முதல் பிப்ரவரி வரை செல்வதே நல்லது. அப்போதும் பகல் வெயில் உறைக்கும். இரவிலோ கம்பளி ஆடை இல்லாமல் முடியாது. ஜோத்பூரிலிருந்து ரயில் உண்டு.

முதல் நாள் காலையில், வெயில் ஏறுமுன், 1156இல் ராவல் ஜெய்சல் எழுப்பிய கோட்டைக்குச் சென்றுவிடுங்கள். இன்றும் மக்கள் குடியிருக்கும் இக்கோட்டையிலுள்ள சமணக் கோயில்களுக்குள் தோல் பெல்ட், தோல் பர்ஸ் ஆகியவற்றைக் கொண்டு செல்லக் கூடாது. கோட்டைக்குள்ளேயே விடுதிகள் இருந்தாலும், பயன்படுத்திய நீர் கசிந்து அடித்தளத்தைப் பலவீனப்படுத்துவதால், நகரில் எங்காவது அறை எடுப்பதே கோட்டைக்கு நாம் செய்யும் மரியாதை என்பது என் உறுதியான கருத்து. பிற்பகலில், பட்வா வணிகர்களின் மாளிகைகளில், வெயிலைத் தடுத்துக் காற்றை மட்டும் உள்ளே விடும்படி மஞ்சள் மணற்கல்லில் நுணுக்கமாகச் செதுக்கப்பட்ட சாளரங்களை அருகில் நின்று பாருங்கள். மாலைக்குக் கடிசர் ஏரி போதும்.

மறுநாள் பிற்பகல் வாடகைக் காரில் புறப்பட்டு, பாலிவால் பிராமணர்கள் கைவிட்டுச் சென்ற குல்தாரா கிராமத்தைப் பார்த்துவிட்டு, நகருக்கு மேற்கே சுமார் 40 கி.மீ. தொலைவிலுள்ள சாம் மணல்மேடுகளைச் சூரியன் மறையுமுன் அடையுங்கள். ஒட்டகத்தில் ஏறுவதற்கு முன் அதன் மூக்கிலும் சேணத்தின் அடியிலும் புண் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் தயங்காமல் மறுத்துவிடுங்கள்.