மங்கலாக இருந்தால் ஆன்மிகமா?

கெமராவை ஆட்டி எடுத்த படத்துக்கு ‘ஆன்மாவின் பயணம்’ என்று பெயர் வைத்த பாவம் எனக்கும் உண்டு. ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில், மாரியம்மன் திருவிழா இரவில் எடுத்தது. மஞ்சளும் சிவப்புமாக நாலு கோடு. அம்மா பார்த்துவிட்டு, “இது தேர் லைட்டா, ட்ரக்டர் லைட்டா?” என்று கேட்டார். எனக்கே தெரியவில்லை.

ஒளியை மட்டும் வைத்து, அரூபப் படங்களால் பக்தியையோ மௌனத்தையோ சொல்லப் பார்க்கிறவர்கள் முதலில் சறுக்குவது இங்கேதான். மங்கலானதெல்லாம் ஆன்மிகம் என்று நினைத்துவிடுகிறோம். புகைப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கேமரனின் படங்களிலும் மங்கல் உண்டு. விக்டோரியா காலத்து இங்கிலாந்தில் அதற்காகவே அவரைக் குறை சொன்னார்கள். ஆனால் ஃபோகஸை எந்த இடத்தில் நிறுத்துவது என்று தீர்மானித்தது அவருடைய கண். (1875இல் இலங்கைக்கு வந்த அவர் 1879இல் இங்கேயே இறந்தார். கல்லறை நம் பொகவந்தலாவையில் இருக்கிறது.)

சைவத்தில் உருவம், அருவம், அருவுருவம் என்பார்கள். லிங்கம் அருவுருவம்: முகமில்லை, கை காலில்லை, ஆனாலும் வடிவமுண்டு. நம் படத்துக்கும் அது போதும். எதிலிருந்து எடுத்தோம் என்பதன் சுவடு எங்காவது தங்க வேண்டும். திரியின் கரிந்த நுனியோ, கற்பூரத் தட்டின் வளைவோ.

அப்புறம், கெமரா காட்டும் ஒளி அளவை அப்படியே நம்பாதீர்கள். எதைப் பார்த்தாலும் அது நடுத்தரச் சாம்பலுக்கே இழுக்கும். கொழுந்து மலை மேல் நிற்கும் வெள்ளைப் பனி அழுக்காகத் தெரிவது அதனால்தான். ஒரு ஸ்டொப் கூட்டுங்கள், அதாவது உள்ளே விடும் ஒளியை இரு மடங்காக்குங்கள். இருட்டில் எரியும் விளக்குக்கு நேர்மாறு: சுற்றியுள்ள இருட்டை வெளிச்சமாக்கப் போய், சுடரை வெள்ளைப் பொட்டாக்கிவிடும். இரண்டு ஸ்டொப் குறைத்துப் பாருங்கள், சுடரின் மஞ்சள் திரும்பி வரும். வெளிச்சத்தின் நிறத்தைச் சரிக்கட்டும் வைட் பலன்ஸ் ஓட்டோவில் இருந்தால் அந்த மஞ்சளையும் ‘திருத்தி’விடும், பகல் வெளிச்சத்துக்கு மாற்றுங்கள். போனின் நைட் மோட் வேண்டவே வேண்டாம். பல படங்களை ஒன்றாக்கி இருட்டைத் துடைத்துவிடும், நமக்கு வேண்டியதோ அந்த இருட்டு. பிளாஷும் கூடாது. பூசாரியிடம் கேட்காமல் மூலஸ்தானத்துப் பக்கம் லென்ஸைத் திருப்பவும் கூடாது.

சிவனொளிபாத மலை உச்சியில், 2,243 மீற்றரில், விடியும்போது எல்லோரும் கிழக்கைப் பார்த்தே நிற்பார்கள். திரும்பி மேற்கே பாருங்கள். வானம் தெளிவாக இருந்தால் மலையின் நிழல் பனியின் மேல் முக்கோணமாகக் கிடக்கும். மலை கூம்பாக இருப்பது மட்டும் காரணமல்ல. ரயில் தண்டவாளம் தூரத்தில் ஒன்று சேர்வதுபோல, நீண்ட நிழல் தூரத்தில் ஒடுங்கித் தெரிகிறது. சூரியன் ஏற ஏற அது சுருங்கிவிடும், லென்ஸ் மாற்ற நேரமிருக்காது.

இறங்கியதும், விறைத்த கெமராவைத் தூக்கிக்கொண்டு நேரே தேத்தண்ணிக் கடைக்குள் போய்விடாதீர்கள். கேத்தல் ஆவி பட்டதும் லென்ஸ் நனைந்துவிடும். வாசலிலேயே பொலித்தீன் பைக்குள் போட்டு முடிச்சுப் போட்டால் ஈரம் பையின் மேல் படியும். நான் ஒருமுறை சட்டை நுனியால் துடைத்தேன், கீறல் இன்னும் இருக்கிறது.

பெயர் விஷயத்தில் இடமும் நேரமும் எழுதினாலே போதும் என்பது இப்போது என் கட்சி. அந்தத் திருவிழாப் படத்துக்கு மட்டும் அம்மா கேட்ட கேள்வியையே பெயராக வைத்துவிட்டேன்.