லீவு வீட்டு அலமாரியில் புத்தகம் எடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கத்திவாக்கத்தில், கடல் சத்தம் கேட்கிற தூரத்தில், எங்கள் சொந்தக்காரர் ஒருவரின் வீடு இருக்கிறது. இரண்டு ரூம், ஒரு திண்ணை, ஹாலில் ஒரு மர அலமாரி. கும்மிடிப்பூண்டி ரயிலில் வந்து இறங்கி இரண்டு மூன்று நாள் தங்கிப் போகிறவர்களுக்கு வாடகைக்கு விடுகிறார்கள். வெள்ளைக்காரர் காலத்திலேயே எண்ணூர்ப் பக்கம் காற்று வாங்க வந்து தங்குகிற வழக்கம் இருந்தது. இன்றைக்கு அனல் மின் நிலையத்துப் புகைபோக்கி தெரிகிற கரைதான், ஆனாலும் சாயங்காலக் காற்றுக்குக் குறைவில்லை. அலமாரியைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. தண்டையார்பேட்டையிலிருந்து மாதம் ஒரு தடவை போய், தூசி தட்டி, ராமபாணப் பூச்சி இருக்கிறதா என்று பார்த்து அடுக்கிவிட்டு வருவேன்.

போகிற தடவையெல்லாம் யாராவது ஒருவர், இருபது வயதில் நான் செய்த அதே தவறை அந்த அலமாரி முன்னால் நின்று செய்துகொண்டிருக்கிறார். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். அட்டையைப் பார்த்து மயங்காதீர்கள், பிடிக்காவிட்டால் மூடி வையுங்கள் என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

கனமான புத்தகமாகப் பார்த்து எடுப்பது

மூன்று நாள் இருக்கிறதே என்று அறுநூறு பக்கத்தைத் தூக்குகிறார்கள். கூட வந்தவர்கள் இருக்கிறார்கள், மீன் வாங்க வேண்டும், ஆய வேண்டும், பிள்ளைகளைத் தண்ணீரிலிருந்து இழுத்து வர வேண்டும். ஒரு நாளைக்கு ஐம்பது அறுபது பக்கம் ஓடினால் பெரிய விஷயம். சிறுகதைத் தொகுப்போ குறுநாவலோ எடுங்கள். பழைய ராணிமுத்து, மாலைமதி இருந்தால் இன்னும் நல்லது, ஒரு மத்தியானத்தில் முடிந்துவிடும்.

முழுசாக இருக்கிறதா என்று பார்க்காமல் உட்காருவது

என்னை இன்றைக்கும் எரிச்சல்படுத்துகிற தவறு இதுதான்.

போன வருடம் ஒரு பெண் வந்திருந்தாள். ஆஸ்பத்திரியில் நைட் டியூட்டி பார்க்கிறவள், பல மாதம் கழித்துக் கிடைத்த இரண்டு நாள் லீவு. அலமாரியிலிருந்து ‘காஞ்சி முற்றுகை’ என்று அட்டை போட்ட புத்தகத்தை எடுத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்தாள். மறுநாள் நான் போனபோது அறுபதாவது பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு கேட்டாள்: “அக்கா, இதுல யாரு யாருன்னே புரியலக்கா. எனக்குத்தான் படிக்கத் தெரியலையா?”

அது தனி நாவல் இல்லை. கல்கியின் ‘சிவகாமியின் சபதம்’ நான்கு பாகம். அவள் கையில் இருந்தது இரண்டாவது. சிவகாமி யார், ஆயனர் யார், பரஞ்சோதி எதற்காகக் காஞ்சிக்கு வந்தான் என்பதெல்லாம் ‘பரஞ்சோதி யாத்திரை’ என்கிற முதல் பாகத்தில் இருக்கிறது. அந்தப் பதிப்பின் அட்டையில் பாகத்தின் பெயர்தான் பெரிசு, நாவலின் பெயர் மூலையில் பொடி எழுத்து. அவள்மேல் ஒரு குற்றமும் இல்லை. அரை லீவு போய்விட்டது.

‘பொன்னியின் செல்வன்’ ஐந்து பாகம், ‘பார்த்திபன் கனவு’ மூன்று. 1999-இல் கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமை ஆனபிறகு பல பதிப்பகங்கள் போடுகின்றன. அதனால் அலமாரியில் முதல் பாகம் ஒரு பதிப்பு, மூன்றாவது இன்னொரு பதிப்பு என்று உயரமும் நிறமும் மாறி நிற்கும். முதுகைப் பார்த்து எண்ணிக்கை போடாதீர்கள். ஒவ்வொன்றையும் வெளியே எடுத்து, உள்ளே தலைப்புப் பக்கத்தில் எந்தப் பாகம் என்று பாருங்கள்.

என் கதை இதைவிட மோசம். 1996 பொங்கல் லீவு, இதே வீடு. வாரப் பத்திரிகையில் வந்த தொடர்கதையைக் கிழித்துச் சேர்த்து யாரோ பைண்டு பண்ணி வைத்திருந்தார்கள். காலிகோ முதுகு, மார்பிள் தாள் அட்டை, உள்ளே ஓவியங்களோடு பழுப்பேறிய பக்கங்கள். மூன்று நாளும் அதிலேயே இருந்தேன். காணும் பொங்கலன்று சித்தி எல்லாரையும் முகத்துவாரத்துக்குப் படகில் கூட்டிப் போனாள். நான் வரவில்லை என்று சொல்லிவிட்டேன். கடைசிப் பக்கத்தைத் திருப்பினால், அடியில் அடைப்புக்குறிக்குள் ‘தொடரும்’ என்று இருந்தது. அதற்கப்புறம் பின் அட்டை. மிச்ச வாரங்களைத் தேடி மூர் மார்க்கெட் பழைய புத்தகக் கடைகளில் எத்தனை ஞாயிற்றுக்கிழமை அலைந்தேன் என்று கணக்கே இல்லை. கடைசியில் புத்தகக் காட்சியில் நாவலாக வாங்கி, முடிவை மட்டும் நின்றபடியே படித்தேன். அந்த முடிவு எனக்கு இப்போது ஞாபகமில்லை. படகில் போகாதது ஞாபகமிருக்கிறது, சித்தி அதற்கப்புறம் கத்திவாக்கம் வரவே இல்லை.

மண்ணடியில் பைண்டிங் வேலை பார்த்த என் பெரியப்பா இதைக் கேட்டுவிட்டுச் சொல்லிக்கொடுத்ததைத்தான் இன்றுவரை செய்கிறேன். முதலில் கடைசிப் பக்கம். மேலே உள்ள வரிகளை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு, அடியில் ‘முற்றும்’ இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். கதையும் கெடாது. அடுத்து, அச்சுப் புத்தகம் பெரும்பாலும் பதினாறு பதினாறு பக்கமாக ஒரு ஃபாரம் என்று சேர்த்துத் தைப்பது. பைண்டிங்கில் தவறு நடந்தால் ஒரு ஃபாரமே விட்டுப்போகும், அல்லது ஒன்றே இரண்டு தடவை வரும். 32-க்கு அப்புறம் 49 வந்தால் வைத்துவிடுங்கள். பத்திரிகையிலிருந்து கிழித்துத் தைத்ததில் பக்க எண் உதவாது, ஒவ்வொரு இதழுக்கும் வேறு எண்; அத்தியாய எண்ணைத் தொடர்ச்சியாகப் பாருங்கள்.

மாத நாவல் என்றால் நடுவில் பின் அடித்திருக்கும். உப்புக் காற்றில் பின் துருப்பிடித்து, சுற்றிலும் செம்பழுப்பாக ஒரு கறை விட்டு, தொட்டால் பொடிந்துவிடும். வெளித்தாள்தான் முதலில் கழன்று விழும். முதல் தாளும் கடைசித் தாளும் ஒரே தாளின் இரண்டு பாதி. அதனால் முதல் பக்கம் காணவில்லை என்றால் கொலைகாரன் யார் என்பதும் காணவில்லை என்று அர்த்தம்.

எல்லாம் சேர்த்து இரண்டு நிமிட வேலை. நின்றபடியே செய்துவிட்டு அப்புறம் திண்ணைக்குப் போங்கள்.

பகல் வெளிச்சத்தில் எழுத்தைப் பார்ப்பது

படிப்பது ராத்திரி. ஹாலில் ஒரே ஒரு டியூப்லைட். அதன் கீழே விரித்துப் பாருங்கள்.

மணலுக்குக் கொண்டுபோவது

வேண்டாம். உப்புத் தண்ணீர் பட்ட தாள் காய்ந்த பிறகும் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும்.

எல்லாரும் தனக்கு மட்டும் எடுத்துக்கொள்வது

கரன்ட் போனால், கண் தெரியாத பாட்டியும் எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளையும் என்ன செய்வார்கள்? வாய்விட்டுப் படிக்கிற மாதிரி ஒரு கதைப் புத்தகத்தையும் ஒரு டார்ச்சையும் எடுத்து வையுங்கள். இந்த வீட்டில் நான் பார்த்த நல்ல ராத்திரிகள் அப்படித்தான் நடந்தன.

‘முடிச்சிட்டு அனுப்பறேன்’

நல்ல எண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். இரண்டும் நான்கும் மட்டும் மிஞ்சுவது இதனால்தான். முடிக்க முடியாவிட்டால் பக்க எண்ணைக் குறித்துக்கொண்டு புத்தகத்தை வைத்துவிட்டுப் போங்கள், உங்கள் பேட்டை நூலகத்திலும் அது இருக்கும். எங்கள் ‘பரஞ்சோதி யாத்திரை’ நீல அட்டை, முதல் பக்கத்தில் டீ டம்ளர் வைத்த வட்டக் கறை. அது யார் வீட்டில் இருந்தாலும் சரி, அடுத்த தடவை வரும்போது கொண்டுவாருங்கள். இரண்டாம் தட்டில், இடது ஓரத்தில் இடம் விட்டு வைத்திருக்கிறேன்.